விடுப்பு எடுக்க முடியாத ஊழியர்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே அமைந்திருந்தன: நிறுவனம் நம்மை இழக்கத் தயங்கும் அளவுக்கு வேலையில் வேரூன்றுவது எப்படி, புதிதாகச் சிந்திக்கத் தெரிந்தவர் என்று பெயர் எடுப்பது எப்படி? ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்களுடைய நிறுவனங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: கணக்குப் பிரிவில் நீண்ட காலமாகப் பணியாற்றுகிறேன். மாத இறுதிக் கணக்கை முடிப்பதற்கான எக்செல் கோப்பு முழுவதையும் நானே உருவாக்கினேன். அது எப்படி இயங்குகிறது என்பது வேறு யாருக்கும் தெரியாது. "நீங்கள் இல்லையென்றால் இந்தப் பிரிவே நின்றுவிடும்" என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறார். ஆனால் பதவி உயர்வு மட்டும் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குப் போய்விட்டது. இப்போது அந்த வேலையை ஓர் இளைஞருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். கற்றுக்கொடுத்துவிட்டால் என் மதிப்பு போய்விடாதா?

பதில்: பதவி உயர்வு ஏன் வரவில்லை என்பதற்கான விடை உங்கள் மேலாளரின் பாராட்டிலேயே இருக்கிறது. உங்களை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பினால் பிரிவு நின்றுவிடும் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அப்படி நம்புகிறவர் உங்களை வேறு நாற்காலிக்கு அனுப்புவாரா? யாருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதால் வரும் மதிப்பு, இருக்கும் இடத்தில் உங்களைப் பத்திரமாக வைத்திருக்குமே தவிர, அங்கிருந்து மேலே ஏற்றாது. விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் நீங்கள் குற்ற உணர்வுடன் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதும் என் ஊகம்.

நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் சங்கடமானது. மென்பொருள் துறையினர் 'பஸ் ஃபேக்டர்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர் திடீரென்று பேருந்தில் அடிபட்டால் வேலை முடங்கும் என்பதே அது. விடை 'ஒருவர்' என்றால், அந்தக் குழு ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். வங்கித் துறையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது தொடர்ச்சியாகச் சில நாட்கள் விடுப்பில் போயே ஆக வேண்டும் என்று பல நாடுகளின் வங்கி ஒழுங்குமுறை அமைப்புகள் வலியுறுத்துகின்றன. ஒருவர் மட்டுமே கையாளும் கணக்கில் தவறு நடந்தால், அவர் இல்லாத நாட்களில்தான் அது வெளியே வரும் என்பது அவர்கள் அனுபவம். நீங்கள் நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'எனக்கு மட்டுமே தெரியும்' என்ற நிலையைத் தணிக்கையாளர் ஒருபோதும் பெருமையாகப் பார்க்கமாட்டார் என்பதை, கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே கற்றுக்கொடுங்கள், முறையாகக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் செய்து காட்டி அவர் பார்த்துக்கொண்டிருப்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அடுத்த மாத இறுதியில் அவரைக் கணினியின் முன் உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்து, அவர் எங்கெல்லாம் நின்றுவிடுகிறார் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பில் எப்போதும் தாமதமாகவே வரும் என்பதால், உத்தேசமாக ஒரு தொகையைச் செலவுக்கு ஒதுக்கி வைத்து, அடுத்த மாதம் அந்தப் பதிவைத் திருப்பி எழுதுவது உங்களுக்குக் கைவந்த பழக்கமாக இருக்கும். அது எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. அவர் நின்றுவிடும் இடங்கள் எல்லாம் இப்படிப்பட்டவையாகவே இருக்கும். அந்தத் தாளை ஒழுங்காக எழுதினால் அதுவே வேலைக்கான கையேடு ஆகிவிடும். எழுதும்போது, இந்த வழியில் ஏன் இத்தனை சுற்று என்று உங்களுக்கே தோன்றும் இடங்கள் இரண்டு மூன்று வரும். அவற்றைச் சீர்செய்தால், நீங்கள் புதிதாக ஒன்றைச் செய்தவரும் ஆகிவிடுவீர்கள்.

உங்கள் பயம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். கற்றுக்கொடுக்கச் சொல்லிவிட்டு ஆளைக் கழற்றிவிடும் நிறுவனங்கள் இருக்கத்தான் செய்கின்றன. எனவே ஒப்படைப்பதற்கு முன்பே, "இதை அவர் ஏற்றுக்கொண்ட பிறகு என் பொறுப்பு என்னவாக இருக்கும்?" என்று மேலாளரிடம் நேரடியாகக் கேளுங்கள், கிடைக்கும் பதிலை ஒரு மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறிடம் தேடத் தொடங்குவது நல்லது. அப்போதும்கூட, கோப்பின் ரகசியத்தைக் கட்டிக்காப்பது உங்களுக்குச் சில மாதங்களை வாங்கித் தருமே தவிர, வேலையைக் காப்பாற்றாது.

கேள்வி: வாடிக்கையாளர் புகார்களைப் பதிவுசெய்யும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுவதும் படிவங்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. ஆண்டு மதிப்பீட்டில் 'படைப்பாற்றல்' என்ற தலைப்பின்கீழ் எனக்கு எப்போதும் குறைந்த மதிப்பெண்தான். இந்த வேலையில் என்ன படைப்பாற்றலைக் காட்டுவது? அது பிறவியிலேயே வர வேண்டிய ஒன்று அல்லவா?

பதில்: ஓவியம் வரைவதற்கும் இசை அமைப்பதற்கும் பிறவித் திறன் எவ்வளவு வேண்டும் என்பதை அந்தத் துறையினர் சொல்லட்டும். அலுவலகத்தில் படைப்பாற்றல் எனப்படுவது பெரும்பாலும், எல்லோரும் பார்த்துப் பழகிப்போன ஒரு சிக்கலைப் பழகாத கண்ணால் பார்ப்பதுதான். அது கடினமாக இருப்பதற்குக் காரணம் பழக்கம். கார்ல் டங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் செய்த ஒரு சோதனை 1945ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியானது. ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள் ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்தச் சொன்னார்கள். ஊசிகளைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியைச் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பெட்டி ஊசிகளை வைப்பதற்கானது என்றே மனம் எண்ணிக்கொள்வதால் பலருக்கு அந்த வழி தோன்றவில்லை. அதே பெட்டியைக் காலியாகப் பக்கத்தில் வைத்தபோது கூடுதலானோர் விடை கண்டார்கள்.

உங்கள் மேசையில் அப்படிப்பட்ட பெட்டி எது என்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி, திரும்பி வரும் வேலையைக் கவனிப்பது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வரும் படிவங்களில் பலவற்றில், பொருள் வாங்கிய நாளைக் குறிக்க வேண்டிய இடத்தில் புகார் எழுதும் நாளையே மக்கள் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துச் சரியான நாளைக் கேட்டு எழுதுகிறீர்கள். கவனமான ஊழியர் என்ற பெயரும் கிடைக்கிறது. ஆனால் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பெயர், கையொப்பம் ஆகியவற்றை அடுத்து வெறுமனே 'தேதி' என்று அச்சிடப்பட்டிருந்தால், கையெழுத்துப் போட்ட எவரும் அன்றைய தேதியைத்தான் எழுதுவார். அந்தக் கட்டத்தைப் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், 'பொருள் வாங்கிய தேதி, ரசீதில் உள்ளபடி' என்று மாற்றினால், அந்தத் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பகுதிக்குத் தேவையே இருக்காது. நாலு சொற்களைச் சேர்த்து ஒரு கட்டத்தை நகர்த்துவதை யாரும் பெரிய கண்டுபிடிப்பு என்று கொண்டாடமாட்டார்கள். ஆனால் உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தின் அந்தத் தலைப்பு கேட்பது, நியாயமாகப் பார்த்தால், இதைத்தான்.

காரணத்தை இப்படித் தோண்டிப் போவதற்கு டொயோட்டா நிறுவனத்தின் தயிச்சி ஓனோ விளக்கிய 'ஐந்து ஏன்' முறை புகழ்பெற்றது. இயந்திரம் நின்றுவிட்டது, ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போய்விட்டது. ஏன் சுமை கூடியது? பேரிங்கில் போதிய எண்ணெய் இல்லை. ஏன் இல்லை? எண்ணெய் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருக்கிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள்கள் உள்ளே போயிருக்கின்றன. முதல் 'ஏன்' உடன் நின்றவர் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார், சில நாட்களில் திரும்பவும் வந்திருப்பார். ஐந்து என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. மாற்றக்கூடிய ஒன்று கையில் அகப்படும்வரை கேட்டால் போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: கேள்வியின் முடிவில் ஓர் ஆளின் பெயர் வந்து நின்றால், நீங்கள் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் யோசனைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் எதைச் சொன்னாலும் மேலதிகாரி "பார்க்கலாம்" என்று ஒதுக்கிவிடுகிறார். சரியான யோசனையை ஏற்க மறுப்பவர்களிடம் எப்படிப் பேசுவது?

பதில்: சரியாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு வேதனையான சான்று உண்டு. வியன்னா பொது மருத்துவமனையில் 1847ஆம் ஆண்டு இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பதற்கு முன் குளோரின் கலந்த கரைசலில் கைகளைக் கழுவ வேண்டும் என்று விதித்தார். அதற்கு முன் ஏப்ரலில் ஏறத்தாழ 18 விழுக்காடாக இருந்த தாய்மார் இறப்பு, சில மாதங்களிலேயே 2 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது. இதைவிட வலுவான ஆதாரம் யாருக்கு வாய்க்கும்? ஆனாலும் அவர் தம் முடிவுகளை விரிவாக எழுதி வெளியிட 1861 வரை ஆனது. ஏற்க மறுத்த மருத்துவர்களைக் கொலைகாரர்கள் என்று சாடித் திறந்த கடிதங்களும் எழுதினார். அவர் வாழ்நாளில் அவரது முறை பரவலாக ஏற்கப்படவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ராணுவ மருத்துவமனைகளின் சுகாதாரத்துக்காக வாதாடினார். எதிர்ப்பு அவருக்கும் இருந்தது. 1858இல் அவர் தயாரித்த வரைபடத்தில் காயத்தால் இறந்த வீரர்கள் சிவப்பு நிறத்திலும், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள் நீல நிறத்திலும், பிற காரணங்களால் இறந்தவர்கள் கறுப்பு நிறத்திலும் காட்டப்பட்டார்கள். நீலப் பரப்பு மற்ற இரண்டையும் விழுங்கி நிற்பதை, எண்களைப் படிக்கப் பொறுமையில்லாத அமைச்சரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ள முடிந்தது. இருவருடைய சமூக நிலையும் செல்வாக்கும் வேறு வேறு என்பது உண்மை. அதை மறந்து ஒப்பிடுவது செம்மல்வைஸுக்கு அநியாயம். ஆயினும், கேட்பவர் எதைக் கண்டால் அசைவார் என்று யோசித்து வேலை செய்தவர் நைட்டிங்கேல் என்பதை மறுக்க முடியாது.

உங்கள் அதிகாரியிடம் வருவோம். "பார்க்கலாம்" என்று சொல்பவர் பெரும்பாலும் யோசனையை மறுப்பதில்லை. அதனால் தம் தலையில் வந்து விழப்போகும் வேலையை மறுக்கிறார். நீங்கள் 'முறையையே மாற்ற வேண்டும்' என்று போய் நின்றால், ஒப்புதல் வாங்குவது, மற்றப் பிரிவுகளைச் சமாளிப்பது, தோற்றால் பதில் சொல்வது எல்லாம் அவருடையதாகிவிடும். அதற்குப் பதிலாக, "அடுத்த இரண்டு வாரம் என்னிடம் வரும் கோப்புகளில் மட்டும் இப்படிச் செய்து பார்க்கிறேன், சரிவராவிட்டால் பழையபடியே தொடர்வோம்" என்று கேட்டுப் பாருங்கள். இதை மறுப்பதுதான் அவருக்குக் கடினம். இரண்டு வாரத்துக்குப் பிறகு, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இன்னொன்று: யோசனைகள் நிறைய இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லி எதையும் முடிக்காதவரைவிட, ஆண்டுக்கு இரண்டைச் சொல்லி இரண்டையும் நடத்திக் காட்டுபவரைத்தான் அதிகாரிகள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் மாதம் ஒருமுறை எல்லோரும் கூடிப் புதிய யோசனைகளைச் சொல்ல வேண்டும். சிலரே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தில் எதுவுமே தோன்றுவதில்லை. நான் தகுதியில்லாதவளா?

பதில்: இல்லை, அம்மா. அந்தக் கூட்டத்தின் அமைப்பில்தான் குறை. கூட்டமாக அமர்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையை விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் பரப்பினார். 1958ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தபோது, ஒன்றாக அமர்ந்து யோசித்த நால்வரைவிட, தனித்தனியாக யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்தபோதுதான் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கும்போது நினைத்தது நழுவிவிடுகிறது. பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. கூட்டத்துக்கு முந்தைய நாளே எல்லோரும் தனியாக எழுதி அனுப்புவது, கூட்டத்தில் அவற்றை அலசித் தேர்ந்தெடுப்பது என்று மாற்றும்படி உங்கள் குழுத் தலைவரிடம் சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொல்லப்போகும் முதல் யோசனையாக அதுவே இருக்கட்டும்.

கேள்வி: நான் ஒரு குழுவின் தலைவர். நல்ல யோசனை தருபவர்களுக்கு ரொக்கப் பரிசு அறிவிக்கலாமா?

பதில்: முன்னர் சொன்ன மெழுகுவர்த்திச் சோதனையை 1962இல் சாம் கிளக்ஸ்பெர்க் என்ற ஆய்வாளர் பணப் பரிசோடு நடத்திப் பார்த்தார். பெட்டி காலியாக இருந்த எளிய வடிவத்தில் பரிசு வேகத்தைக் கூட்டியது. ஊசிகள் நிறைந்திருந்த கடினமான வடிவத்தில் பரிசுக்கு ஆசைப்பட்டவர்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். செய்து முடித்த நல்ல வேலைக்குப் பின்னால் பரிசு கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். முன்கூட்டியே தூண்டிலாகத் தொங்கவிட்டால் உங்கள் யோசனைப் பெட்டி அற்ப யோசனைகளால் நிரம்பும். பரிசைவிட முக்கியமானது, வந்த ஒவ்வொரு யோசனைக்கும், ஏற்காதவற்றுக்கும் சேர்த்து, காரணத்துடன் ஒரு பதில் போவது.

கேள்வி: நான் சொன்ன யோசனையைச் சக ஊழியர் தம்முடையதுபோல் கூட்டத்தில் சொல்லிப் பெயர் வாங்கிவிட்டார். இனி யாரிடமும் எதையும் சொல்லப்போவதில்லை என்று முடிவுசெய்துவிட்டேன். சரிதானே?

பதில்: உங்கள் கோபம் நியாயம், முடிவு சரியில்லை. த்ரீ எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் 1968இல் வலுவான பசை ஒன்றைத் தேடியபோது, ஒட்டினாலும் எளிதாக உரிந்துவிடும் பசைதான் கிடைத்தது. எதற்கு உதவும் என்று தெரியாமலே, பல ஆண்டுகள் அதைப் பற்றி நிறுவனத்துக்குள் பேசிக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்ட ஓர் உரையைக் கேட்டிருந்த ஆர்ட் ஃபிரை, தேவாலயப் பாட்டுக் குழுவில் தம் பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளத் தாள்கள் நழுவி விழுந்த எரிச்சலில், 1974இல் அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த ஒட்டுக் குறிப்புத் தாள்கள் அதன் விளைவு. சில்வர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பசை அவருடைய அலமாரியிலேயே கிடந்திருக்கும். அந்தக் கதையில் இருவர் பெயரும் நிலைத்திருப்பதற்குக் காரணம், சில்வர் பலர் அறியப் பேசியதுதான். உங்கள் யோசனையை ஒருவரின் காதில் சொல்வதை விட்டுவிட்டு, குழு முழுவதற்கும் போகும் மின்னஞ்சலில் எழுதுங்கள். அந்தச் சக ஊழியரிடம், "அன்று நான் சொன்னதை நீங்கள் எடுத்துச் சொன்னீர்கள், அடுத்த முறை சேர்ந்தே சொல்வோம்" என்று தனியாக, அமைதியாக ஒரு முறை சொல்லிவிடுங்கள். மறந்துபோய்ச் செய்தவர் வெட்கப்படுவார். தெரிந்தே செய்தவர் இனி உங்களிடம் வாலாட்டமாட்டார்.

கேள்வி: நான் செய்யும் அறிக்கை வேலையைச் செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் செய்துவிடுகிறது. இனி எந்தத் திறமையை வளர்த்துக்கொண்டு என்ன பயன்?

பதில்: 1979ஆம் ஆண்டு விசிகால்க் என்ற, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருள் (இன்றைய எக்செல் போன்றது) விற்பனைக்கு வந்தது. அதுவரை ஒரு தொகையை மாற்றினால் அதைத் தொடர்ந்து வரும் எல்லாக் கூட்டல்களையும் கையால் அழித்து எழுத வேண்டியிருந்தது. அந்த வேலை கணினிக்குப் போய்விட்டது. கூட்டிப் போடுவதையே தம் திறமையாகக் கருதியவர்களுக்கு அது அடிதான். ஆனால் 'விலையை இவ்வளவு குறைத்தால் என்ன ஆகும்' என்று அடுத்தடுத்துக் கேட்டுப் பார்ப்பது அதன் பிறகே எளிதாயிற்று. அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு வேலை கூடியது. இன்றைய மாற்றம் அதைவிடப் பெரியது, எதுவரை போகும் என்று உறுதி கொடுக்கும் எவரையும் நான் நம்புவதில்லை. உங்கள் அளவில் ஒன்றைச் செய்து பார்க்கலாம். கருவி தயாரித்த அறிக்கையை எடுத்து, அதைப் படிக்கப்போகும் மூவரிடம் நேரில் போய், இதைப் பார்த்து நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேளுங்கள். 'இதை நான் படிப்பதே இல்லை' என்று ஒருவராவது சொல்லக்கூடும். அவருக்கு உண்மையில் என்ன தேவைப்படுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தால், அடுத்த மாதம் நீங்கள் தயாரிக்க வேண்டிய அறிக்கை எது என்பது தெரிந்துவிடும்.